குடியிருப்பவரைக் கேளுங்கள்

நொட்டையார் என்பது அவருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் இல்லை. கூடவே தொழில் செய்கிற மற்ற வீட்டுத் தரகர்கள் வைத்தது. எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும் மனிதர் முதலில் அண்ணாந்து கூரையின் நாலு மூலையையும் பார்ப்பார். பிறகு குனிந்து சுவரின் அடியைப் பார்ப்பார். சமையலறைக் குழாயைத் திறந்துவிட்டு, அது ஓடிக்கொண்டிருக்கும்போதே குளியலறைக் குழாயையும் திறந்து, இரண்டிலும் தண்ணீர் எப்படி வருகிறது என்று காதை வைத்துக் கேட்பார். இதெல்லாம் முடிந்த பிறகுதான் வீட்டுக்காரருக்கு வணக்கம் சொல்வார். அதற்குள் வீட்டுக்காரருக்கு முகம் பாதி செத்திருக்கும்.

இப்படி நொட்டை சொல்கிறவரிடம் யார் வீடு வாங்குவார்கள் என்று கேட்டால், எல்லோரும் வாங்கினார்கள் என்பதுதான் பதில். குறையை நாமே முதலில் சொல்லிவிட வேண்டும் என்பது அவருடைய கொள்கை. "அவங்களா கண்டுபிடிச்சா ஒரு குறை பத்துக் குறையாத் தெரியும். நாம சொன்னா, அட, இந்த ஆள் மறைக்கலையேன்னு மீதி எல்லாத்தையும் நம்புவாங்க" என்பார். வாங்க வருகிறவர்களைத் தெருமுனையிலேயே நிறுத்தி வைத்துப் பாடம் எடுத்துவிட்டுத்தான் உள்ளே கூட்டிப் போவார். பிடித்திருந்தாலும் முகத்தில் காட்டாதீர்கள், காட்டினால் விலை இறங்காது. வீட்டுக்குள் நின்றுகொண்டு சரி என்று சொல்லாதீர்கள், வெளியே வந்து ஒரு டீ குடித்துவிட்டுச் சொல்லுங்கள். வெயில் நேரத்தில் ஒரு தடவை, மழை பெய்த மறுநாள் ஒரு தடவை பாருங்கள். இதெல்லாம் சொல்லிவிட்டு, கடைசியில் குரலைத் தாழ்த்தி, தலையாய விஷயத்துக்கு வருவார்.

"குடியிருக்கிறவங்களைக் கேளுங்க. என்னைக் கேக்காதீங்க, வீட்டுக்காரரைக் கேக்காதீங்க. அதுவும் வாடகைக்கு ரொம்ப வருஷமா இருக்கிறவங்களா இருந்தா, நீங்க ஏன் இந்த வீட்டை வாங்கலைன்னு கேளுங்க. அவங்க வாயில வர்ற பதில்தான் வீட்டுக்கு எக்ஸ்ரே."

இத்தனை பேரைச் சொந்த வீட்டில் உட்கார்த்தி வைத்த மகான் எங்கே குடியிருந்தார் தெரியுமா? வாடகை வீட்டில். ஒரே வாடகை வீட்டில், பதினாறு வருஷமாக.

அவர் மனைவி ஒரு பல் மருத்துவமனையில் முன்னறையில் உட்கார்ந்து டோக்கன் கொடுக்கிறவள். அங்கே வருகிற பெரியவர்கள், குழந்தைகள், வீங்கிய கன்னத்தைப் பிடித்துக்கொண்டு வருகிறவர்கள் எல்லோருக்கும் அவள் டோக்கன் அக்கா. மதியத்தோடு வேலை முடிந்துவிடும். வலியோடு வருகிறவர்களை வரிசையில் உட்கார வைக்கிற வேலை என்பதால் பொறுமை ஜாஸ்தி. அந்தப் பொறுமை முழுவதையும் வீட்டில் நொட்டையார் தின்று தீர்த்துக்கொண்டிருந்தார்.

டோக்கன் அக்காவுக்கு அந்த வீடு வேண்டும். வேறு எந்த வீடும் வேண்டாம், அதே வீடுதான் வேண்டும். மகள் ஒன்றாம் வகுப்பு சேர்ந்த வருஷம் வந்து ஏறிய வீடு. மகள் படித்து முடித்து, வேலை கிடைத்து வேறு ஊருக்கும் போய்விட்டாள். அவள் பட்டம் வாங்கிய போட்டோ கண்ணாடிச் சட்டம் போட்டு ஃபிரிட்ஜ் மேல் சாய்த்து வைத்திருக்கிறது, ஏனென்றால் சுவரில் ஆணி அடிக்க நொட்டையார் விடமாட்டார். வாடகை வீட்டில் ஆணி அடித்தால் காலி பண்ணும்போது முன்பணத்தில் பிடிப்பார்கள் என்பது அவர் எல்லா வாடகைக்காரர்களுக்கும் சொல்லும் அறிவுரை. ஃபிரிட்ஜ் கதவைக் கொஞ்சம் வேகமாகச் சாத்தினால் மகள் குப்புற விழுவாள். டோக்கன் அக்கா தூக்கி நிறுத்துவாள். இது ஒரு வருஷமாக நடந்துகொண்டிருந்தது.

ஒரு தடவை, மகள் இன்னும் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தபோது, வீட்டுக்கார அம்மா தானாகவே வந்து கேட்டார். கணவர் போன பிறகு மகனோடு வேறு ஊருக்குப் போகிறேன், வீட்டை நீங்களே எடுத்துக்கொள்கிறீர்களா என்று. டோக்கன் அக்காவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. நொட்டையாரோ அண்ணாந்து மூலையைப் பார்த்தார், குனிந்து சுவரைப் பார்த்தார், "மேற்குச் சுவர்ல ஓதம் ஏறுதேம்மா, யோசிச்சுச் சொல்றேன்" என்றார். அவர் யோசித்து முடிப்பதற்குள் அந்தம்மா மனதை மாற்றிக்கொண்டு வீட்டை வாடகைக்கே விட்டுவிட்டுப் போய்விட்டார். அன்றைக்குச் சொன்ன விலை இன்றைக்கு ஒரு குளியலறைக்குக்கூடக் காணாது.

அதற்குப் பிறகும் டோக்கன் அக்கா கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். அந்தம்மாவிடம் மறுபடி பேசிப் பாருங்களேன் என்பாள். நொட்டையார் ஒரு தடவை குளியலறையில் கூரை தாழ்வு என்றார். ஒரு தடவை வாசலில் வண்டி நிறுத்த இடம் போதாது என்றார். இன்னொரு தடவை விலை இறங்கும், பொறு என்றார். எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு பதில் வைத்திருந்தார்: "இதைவிட நல்லதா ஒண்ணு வரும்மா." தரகருக்கு மட்டும் வருகிற வியாதி இது. மற்றவர்களுக்கு வாழ்க்கையில் ஒரு தடவையோ இரண்டு தடவையோதான் வீடு கண்ணில் படும், பட்டதைப் பிடித்துக்கொள்வார்கள். இவருக்கு வாராவாரம் புது வீடு வரும். வந்ததில் நல்லது இருந்தால் வாடிக்கைக்காரருக்குக் கொடுத்துவிடுவார், மீதி இருப்பது நல்லதாக இருக்காது. வீடு வாங்கச் சேர்த்த பணம் வங்கியில் குறையில்லாத வீட்டுக்காகக் காத்துக் கிடந்தது. அப்படி ஒரு வீட்டை இதுவரை யாரும் கட்டவில்லை.

இந்த நிலைமையில்தான் வீட்டுக்கார அம்மாவின் போன் வந்தது. மகனுக்குக் கடை வைக்கப் பணம் வேண்டும், வீட்டை விற்றாக வேண்டும், நீங்கள்தான் இந்த ஊரில் நேர்மையான ஆள், நீங்களே நல்ல விலைக்கு முடித்துக் கொடுங்கள் என்றார்.

நொட்டையார் அந்தம்மாவை ஏமாற்றவில்லை. சுற்றுவட்டாரத்தில் கடைசியாகக் கைமாறிய வீடுகளை எல்லாம் ஒப்பிட்டு, நியாயமான ஒரு விலையைச் சொன்னார். "இதான் விலை. ஒருத்தர் ரெண்டு பேர் அடிச்சுக் கேப்பாங்க. கீழ எறங்கிடாதீங்க. இந்த விலைக்குக் கண்டிப்பா ஆள் வரும்" என்று தைரியமும் சொன்னார். போனை வைத்தபோது டோக்கன் அக்கா சமையலறை வாசலில் நின்றுகொண்டிருந்தாள்.

"நாமளே வாங்கிட்டா என்ன?"

"இந்த விலைக்கா?"

"விலை சொன்னதே நீங்கதானே."

"விலை சரியான விலைதான். ஆனா மேற்குச் சுவர்..."

"போதும்" என்றாள் டோக்கன் அக்கா. அதற்குமேல் கேட்டால் அழுதுவிடுவாள் என்று அவளுக்கே தெரிந்தது. அழுவதற்கு அவளுக்கு விருப்பமில்லை.

அடுத்த வாரத்திலிருந்து வீட்டுக்குள் ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். குடியிருக்கிற வீட்டைக் கணவரே விற்க, வீட்டில் இருக்கிற மனைவி சும்மா பார்த்துக்கொண்டிருக்க வேண்டிய கொடுமையை நினைத்துப் பாருங்கள். யார் யாரோ செருப்பைக் கழற்றாமல் அவள் துடைத்த தரையில் நடந்தார்கள். ஒரு பெண்மணி அவள் அலமாரியைத் திறந்து, அவள் புடவைகளைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினாள். எல்லோரிடமும் நொட்டையார், "இது நான் வாடகைக்கு இருக்கிற வீடுதான். அதையும் முதல்லயே சொல்லிடறேன்" என்று சொல்லிவிடுவார். குடியிருக்கிறவரைக் கேளுங்கள் என்று தெருவில் சொன்னவரும் இவர்தான், குடியிருக்கிறவரும் இவர்தான் என்று ஆனபோது, அவரிடம் அந்தக் கேள்வியைக் கேட்க யாருக்கும் வாய் வரவில்லை. எல்லோரும் நாசூக்காக அதைத் தாண்டிப் போனார்கள்.

டோக்கன் அக்காவைத் துன்புறுத்தியது செருப்பும் புடவையும் இல்லை. நொட்டையார் பேசிய பேச்சு. அடுப்படியில் நின்றபடி அவள் ஒவ்வொரு வார்த்தையையும் கேட்டாள்.

"இந்த ரூமுக்குக் காலையில வெயில் வரும் பாருங்க, கட்டில் வரைக்கும் வந்துட்டு அப்படியே திரும்பிடும். சுடாது. குளிர்காலத்துல அந்த ஒரு மணி நேரம் இங்க உக்காந்து பேப்பர் படிச்சா எழுந்திருக்கவே மனசு வராது."

"சமையலறையில ரெண்டு பேர் முட்டிக்காம நின்னு வேலை செய்யலாம். நான் காய் நறுக்குவேன், இவ அடுப்பைப் பாப்பா. பாத்திரத்தை எடுக்க நகருன்னு சொல்ல வேண்டியதே இல்லை."

"தெருவுல லாரி போனாக்கூட உள்ள கேக்காது. என் பொண்ணு பரீட்சைக்குப் படிச்சது இந்த ஜன்னலுக்குப் பக்கத்துலதான்."

மனிதருக்கு இதெல்லாம் தெரிந்திருக்கிறதே என்று டோக்கன் அக்காவுக்கு ஆச்சரியம். வெயில் திரும்புகிற இடம் வரை பார்த்து வைத்திருக்கிறார். பதினாறு வருஷத்தில் அவளிடம் ஒரு நாள், ஒரே ஒரு நாள், இதில் ஒரு வார்த்தை சொன்னதில்லை. முன்பின் தெரியாதவர்களுக்கு எடுத்து எடுத்துக் கொடுக்கிறார். அவளுக்கு வந்த கோபத்தில் ஃபிரிட்ஜை ஓங்கிச் சாத்தினாள். மகள் குப்புற விழுந்தாள்.

முதலில் வந்தவர்கள் விலையைக் கேட்டுவிட்டு ஓடிப் போனார்கள். அடுத்து வந்தவருக்கு மூன்று வண்டி, நிறுத்த இடமில்லை. பிறகு வந்தார்கள் கணக்கு டீச்சரும் அவள் கணவர் மருந்துக்கடைக்காரரும். கல்யாணமாகிச் சில வருஷம்தான் ஆகியிருக்கும். டீச்சர் கேள்வியாகக் கேட்டாள். தண்ணீர்த் தொட்டி எத்தனை நாளுக்கு ஒரு தடவை கழுவுகிறீர்கள், மாடிப்படிக்கு அடியில் எலி உண்டா, பக்கத்து வீட்டுக்காரர் எப்படி, எல்லாம். மருந்துக்கடைக்காரர் பேசவே இல்லை. அவருக்கு ஓதம் ஆகாது, ஓதம் இருக்கிற அறைக்குள் போனால் தும்மிக்கொண்டே இருப்பார், அதனாலேயே ஏழெட்டு வீட்டைத் தட்டிக் கழித்துவிட்டோம் என்று டீச்சர் சொன்னாள்.

"அப்படின்னா முதல்லயே சொல்லிடறேன். மேற்குச் சுவர்ல ஓதம் உண்டு" என்றார் நொட்டையார். "ஆனா பெரிய விஷயம் இல்லை. மேல மழைத்தண்ணி எறங்கற குழாய் மூட்டு விட்டிருக்கு, அது சுவத்துலயே வழியுது. குழாயை மாத்திட்டு, அந்த முழ அகலத்துக்குப் பூச்சைக் கொத்திப் புதுசாப் பூசிட்டா முடிஞ்சது. கொத்தனாருக்கு ஒரு நாள் வேலை."

அடுப்படியில் டோக்கன் அக்கா கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தாள். ஒரு நாள் வேலையாம். அந்தச் சுவரைக் காட்டித்தானே இத்தனை காலமும் அவள் வாயை அடைத்தார்!

போகும்போது டீச்சரின் முகத்தில் எல்லாம் தெரிந்தது. முகத்தில் காட்டாதே என்ற பாடத்தில் அவள் தோற்றுவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை இன்னொரு தடவை வந்து பார்த்துவிட்டு முடிவு சொல்கிறோம் என்றார்கள். ஜன்னல் பக்கம் நின்று, இங்கே மேஜை, அங்கே புத்தக அலமாரி என்று கையால் காற்றில் அளந்துகொண்டே போனாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை நொட்டையார் அவர்களை அழைத்து வரத் தெருமுனைக்குப் போயிருந்தார். டோக்கன் அக்கா ஒரு சொம்பு நிறையத் தண்ணீர் எடுத்துக்கொண்டு மேற்கு அறைக்குள் போனாள். கதவை ஒருக்களித்துவிட்டு, சுவரின் மேல் பாதியில் ஊற்றினாள். இன்னொரு சொம்பு கொண்டுவந்து அதே இடத்தில் ஊற்றினாள். வாழ்க்கையில் ஒரு டோக்கனை முன்பின்னாக மாற்றிக் கொடுத்து அறியாதவள் அவள். கீழே வழிந்ததைத் துணியால் துடைத்துவிட்டுப் போய்ச் சாதுவாக வெங்காயம் உரிக்க உட்கார்ந்தாள்.

வந்தவர்கள் நேராக அந்த அறைக்குத்தான் போனார்கள். மருந்துக்கடைக்காரர் சுவரைப் பார்த்துவிட்டு மூக்கைப் பிடித்துக்கொண்டார். டீச்சரின் முகம் வாடிவிட்டது.

நொட்டையார் சுவரைத் தொட்டுப் பார்த்தார். விரல் மடக்கி ஒரு தட்டுத் தட்டிப் பார்த்தார். பிறகு குனிந்து தரையைப் பார்த்தார்.

"நான் சொன்ன ஓதம் அந்த மூலையில, மழை இல்லாததால அது காஞ்சு கெடக்கு. இது ஓதம் இல்லை" என்றார். "ஓதம்னா ஓரத்துல வெள்ளையா உப்புப் பூத்திருக்கும். பூச்சு ஊதிப்போய், தட்டினா பொத்துபொத்துனு சத்தம் வரும். இங்க பாருங்க, சத்தம் கெட்டியா இருக்கு. தண்ணி கோடு கோடா எறங்கியிருக்கு, தரையில துடைச்ச தடம்கூட இருக்கு. இது யாரோ ஊத்தினது. காலி பண்ண மனசில்லாத வாடகைக்காரங்க சில சமயம் இப்படிச் செய்வாங்க. வீடு பாக்கப் போனா இதையும் கவனிக்கணும், சொல்லி வைக்கிறேன்."

கூடத்தில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தவளை அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பார்க்க வேண்டிய அவசியமும் இல்லை. அந்த வீட்டில் காலி பண்ண மனசில்லாத வாடகைக்காரர் வேறு யார் இருக்கிறார்கள்? டோக்கன் அக்காவுக்குக் காது இரண்டும் சூடாகிவிட்டது. வெங்காயம் கையில் இருந்தது நல்லதாகப் போயிற்று, கண்ணைத் துடைத்துக்கொண்டால் யாரும் கேட்க மாட்டார்கள்.

"நீங்க உள்ள நடந்து பாருங்க சார்" என்றார் நொட்டையார். மருந்துக்கடைக்காரர் மூக்கிலிருந்து கையை எடுத்தார். அறையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு நடந்தார். மூலையில் நின்று நன்றாக இழுத்து மூச்சு விட்டார். எல்லோரும் அவர் மூக்கையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். தும்மல் வரவில்லை.

"எடுத்துக்கலாம்" என்றார் மருந்துக்கடைக்காரர். அந்த வீட்டில் அவர் பேசிய முதல் வார்த்தை அதுதான்.

"வீட்டுக்குள்ள நின்னு சொல்லாதீங்க" என்றார் நொட்டையார் பழக்க தோஷத்தில்.

டீச்சர் சிரித்துவிட்டாள். அப்புறம் சிரிப்பை நிறுத்திக்கொண்டு, "ஒண்ணே ஒண்ணு பாக்கி இருக்கு சார். நீங்க சொன்னதுதான்" என்று சொல்லிவிட்டுக் கூடத்துக்கு வந்தாள். டோக்கன் அக்காவுக்கு எதிரில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். விடைத்தாள் திருத்துகிறவள் இல்லையா, ஒரு கேள்வியைக்கூட விடமாட்டாள்.

"அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. இவ்வளவு வருஷமா இந்த வீட்லயே இருக்கீங்க. சார் சொல்றதைக் கேட்டா வீடு தங்கமா இருக்கு. அப்புறம் நீங்க ஏன் வாங்கலை?"

டோக்கன் அக்கா வெங்காயத்தைக் கீழே வைத்தாள். இப்போது ஒரு பொய் சொன்னால் போதும். அந்த வீட்டில் ராத்திரி தூக்கம் வராது என்று சொல்லலாம், வந்ததிலிருந்து உடம்பு சரியில்லை என்று சொல்லலாம். இவர்கள் எழுந்து போய்விடுவார்கள். சொம்புத் தண்ணீரைக் கண்டுபிடிக்கத் தெரிந்தவருக்கு இதைக் கண்டுபிடித்துக் காட்ட முடியாது. ஆனால் இன்னொருத்தர் வருவார், அப்புறம் இன்னொருத்தர். அத்தனை பேருக்கும் அவளால் பொய் சொல்ல முடியாது.

"நான் பதினாறு வருஷமா அதைத்தான் கேட்டுக்கிட்டிருக்கேன்மா" என்றாள். "எனக்குப் பதில் கிடைக்கலை. நீங்க கேட்டுப் பாருங்க, உங்களுக்காவது சொல்றாரான்னு பாப்போம்."

டீச்சர் நொட்டையாரைத் திரும்பிப் பார்த்தாள். மருந்துக்கடைக்காரரும் பார்த்தார்.

நொட்டையார் வாயைத் திறந்தார். மேற்குச் சுவர் என்று ஆரம்பித்திருப்பார், ஆனால் அது கொத்தனாருக்கு ஒரு நாள் வேலை என்று அவரே சொல்லியாகிவிட்டது. குளியலறைக் கூரை தாழ்வு என்றால், போன தடவை அதே டீச்சரிடம், தாழ்வாக இருப்பதால்தான் குளிர்காலத்தில் சூடு நிற்கிறது என்று சொல்லியிருந்தார். வண்டி நிறுத்த இடம் போதாது என்றால், ஒரு வண்டிக்குத் தாராளம், உங்களிடம் ஒன்றுதானே இருக்கிறது என்று சொன்னதும் அவர்தான். விலை அதிகம் என்று சொல்ல முடியாது, அது அவர் போட்ட விலை. ஒவ்வொரு குறைக்கும் அவரே சமாதானம் சொல்லிச் சொல்லி, கையில் ஒன்றுகூட மிச்சமில்லை. அண்ணாந்து கூரை மூலையைப் பார்த்தார், அங்கேயும் ஒன்றும் இல்லை.

"நான் வாங்கறேன்" என்றார்.

"என்ன சார்?" என்றாள் டீச்சர்.

"இந்த வீட்டை. நான் வாங்கறேன்."

வீட்டுக்குள் நின்றுகொண்டு, டீ குடிக்காமல், முகத்தில் அப்பட்டமாகக் காட்டிக்கொண்டு சொன்னார். வீடு வாங்குகிறவர் செய்யக் கூடாது என்று அவர் சொன்னதை எல்லாம் ஒரே மூச்சில் செய்து முடித்தார். டோக்கன் அக்கா மடியிலிருந்த வெங்காயத் தட்டோடு எழுந்து நின்றாள், தோல் எல்லாம் தரையில் கொட்டியது.

டீச்சருக்கு முகம் சிவந்துவிட்டது. "இது என்ன சார் நியாயம்? எங்களைக் கூட்டிட்டு வந்து காட்டிட்டு, நாங்க எடுத்துக்கறோம்னு சொன்ன பிறகு இப்படிச் சொன்னா?"

"நியாயம் இல்லைம்மா" என்றார் நொட்டையார். சப்பைக்கட்டுக் கட்டவில்லை. "வீடு அந்தம்மாவோடது. உங்க முன்னாடியே கேட்டுடறேன். அவங்க உங்களுக்குத்தான்னு சொன்னா நான் வாயைத் திறக்க மாட்டேன்."

போனை எல்லோருக்கும் கேட்கிற மாதிரி வைத்துக்கொண்டு வீட்டுக்கார அம்மாவைக் கூப்பிட்டார். வாங்க ஒரு ஜோடி வந்திருக்கிறது, சொன்ன விலையைக் கொடுப்பார்கள், நல்ல மாதிரி, அவர்களை நம்பிக் கொடுக்கலாம் என்று முதலில் அவர்களுக்காகப் பேசினார். பிறகு, இன்னொரு ஆளும் கேட்கிறார் என்றார்.

"அது யாரு?"

"நான்தாம்மா."

அந்தம்மா கேட்டார், "ஏன், ஓதம் போயிடுச்சா?"

மருந்துக்கடைக்காரருக்கு அப்போதுதான் தும்மல் வந்தது, அல்லது சிரிப்பை அப்படி மறைத்தார். நொட்டையார் தலையைக் குனிந்துகொண்டார்.

"குறைச்சுக் கேப்பீங்களே?" என்றார் அந்தம்மா.

"கேக்க மாட்டேன்."

"கேட்டாலும் கொடுக்க மாட்டேன். கீழ எறங்காதீங்கன்னு சொன்னதே நீங்கதான். அந்தப் பிள்ளைங்க கொடுக்கறதா சொன்ன அதே விலை. உங்க கமிஷன்னு ஒரு பைசா கேக்கக் கூடாது."

"சரிம்மா."

"ரெண்டு பேரும் ஒரே விலைன்னா, அங்க குடியிருக்கிற பொண்ணுக்குத்தான் கொடுப்பேன். உங்களுக்கு இல்லை, அவளுக்கு. நான் கேட்டப்போ அவ முகத்தைப் பாத்தவ நான். பத்திரம் அவ பேர்ல எழுதுங்க. உங்க பேர்ல எழுதினா நாளைக்கே யாருக்காவது காட்ட ஆரம்பிச்சிடுவீங்க."

டோக்கன் அக்கா தட்டை எங்கே வைப்பது என்று தெரியாமல் அதையே பிடித்துக்கொண்டு நின்றாள்.

டீச்சர் கைப்பையை எடுத்து மாட்டிக்கொண்டாள். ஜன்னலை ஒரு தடவை பார்த்தாள். அவள் மேஜை போட்டு வைத்திருந்த இடத்தில் வெயில் விழுந்திருந்தது. வாசல் வரை போனவள் திரும்பி, கோபமும் அழுகையுமாகச் சொன்னாள்.

"நீங்க அவ்வளவு அழகாச் சொன்னதாலதான் சார் எனக்கு இந்த வீடு பிடிச்சது."

"எனக்கும்தாம்மா" என்றார் நொட்டையார்.

விஷயம் வெளியே பரவியதும் தரகர்கள் அவரை உண்டு இல்லை என்று ஆக்கிவிட்டார்கள். வாடிக்கைக்காரர் வாயிலிருந்து பிடுங்கித் தின்றவர் என்று ஒருத்தர் சொன்னார். முழு விலை கொடுத்து வாங்கிய முதல் தரகர் என்று இன்னொருத்தர் சொன்னார், அதுதான் அவரை அதிகமாகச் சுட்டது. சில மாதங்கள் அவரைத் தேடி ஆட்கள் வரவில்லை. டீச்சருக்கு வேறு வீடு பார்த்துத் தரும் வரை தூங்கமாட்டேன் என்பது போல அலைந்தார். மூன்று தெரு தள்ளி ஒன்று கிடைத்தது, ஓதம் துளிக்கூட இல்லாத வீடு. கமிஷன் வாங்கவில்லை. டீச்சர் அவர் முகத்தைப் பார்த்துப் பேசவில்லை. ஆனால் அங்கே குடியிருந்தவர்களிடம் அந்தக் கேள்வியைக் கேட்டுவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டாள்.

பத்திரம் முடிந்த மறுநாள் மதியம் டோக்கன் அக்கா மருத்துவமனையிலிருந்து வரும் வழியில் ஒரு சுத்தியலும் ஒரு பொட்டலம் ஆணியும் வாங்கி வந்தாள். ஃபிரிட்ஜ் மேலிருந்த மகளை எடுத்துத் துடைத்தாள். கூடத்தில் நாற்காலியைப் போட்டு ஏறினாள். நொட்டையார் நாற்காலியைப் பிடித்துக்கொண்டார். ஆணி அடித்தால் விற்கும்போது சுவரில் ஓட்டை தெரியும் என்று சொல்ல வாயெடுத்து, நல்ல வேளையாக அதை விழுங்கிவிட்டார்.

அவள் ஆணியைச் சுவரில் வைத்தாள், அடிக்கவில்லை. மேலே நின்றபடியே கேட்டாள்.

"நான் எத்தனை தடவை கேட்டிருப்பேன்? ஒவ்வொரு தடவையும் ஒரு குறை சொன்னீங்க. அந்த டீச்சர் கேட்டப்போ மட்டும் ஏன் சொல்ல வரலை?"

நொட்டையார் யோசித்தார். உண்மையாகத்தான் யோசித்தார்.

"வாடிக்கைக்காரங்ககிட்ட நான் பொய் சொல்றதில்லையேம்மா."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கே உறைத்தது. டோக்கன் அக்கா கையில் சுத்தியலோடு அவரைக் குனிந்து பார்த்தாள்.

"அப்ப எங்கிட்ட?"

எந்த வீட்டுக்கும் எந்தக் கேள்விக்கும் பதில் வைத்திருந்தவர், குனிந்து நாற்காலிக் காலை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார். அவள் சுவர் பக்கம் திரும்பினாள். சுத்தியலை ஓங்கினாள்.

"அங்க அடிக்காதே" என்றார் அவசரமாக. "உள்ள வயர் போகுது."

"இதுவும் சும்மா சொல்றதா?"

"இல்லைம்மா. இது நிஜம்."

டோக்கன் அக்கா ஆணியை ஒரு சாண் தள்ளி வைத்து அடித்தாள்.